ஓசனிச்சிட்டைப் படமெடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம்?

கேள்வி: வரும் ஆகஸ்ட் மாதம் பறவை பார்க்கும் குழு ஒன்றுடன் ஈக்வடார் நாட்டின் மிண்டோ பகுதிக்குச் செல்கிறேன். ஹம்மிங்பேர்ட் எனப்படும் ஓசனிச்சிட்டுகளை அங்கே இயற்கை ஒளியில் படமெடுக்க ஆசை. என்னிடம் ஏபிஎஸ்-சி எனப்படும் நடுத்தர அளவு சென்சார் கொண்ட கேமராவும் 18-135 மி.மீ. லென்ஸும் உள்ளன. கடைக்காரரோ 150-600 மி.மீ. லென்ஸையும் இரண்டு ஃபிளாஷ்களையும் வாங்கச் சொல்கிறார். இவ்வளவு செலவு தேவைதானா?
– வாசகர், கோவை

பதில்: ஃபிளாஷ்களை முதலில் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். சிறகின் ஒவ்வோர் இறகும் அசையாமல் நிற்பதுபோல் தெரியும் படங்கள் பெரும்பாலும், நான்கைந்து ஃபிளாஷ்களைக் குறைந்த ஆற்றலில் ஒரே கணத்தில் மின்னச் செய்து, பின்னால் செயற்கைத் திரையும் வைத்து எடுக்கப்படுபவை. இரண்டு ஃபிளாஷை வைத்துக்கொண்டு அந்தப் படத்தையும் எடுக்க முடியாது, நீங்கள் விரும்பும் இயற்கை ஒளியும் கெட்டுவிடும்.

லென்ஸ் விஷயத்தில் கடைக்காரர் 600 என்ற எண்ணைக் காட்டுகிறார்; நீங்கள் பார்க்க வேண்டியது அதுவன்று, எவ்வளவு அருகில் இருப்பதை அந்த லென்ஸால் ஃபோகஸ் செய்ய முடியும் என்பதே. மிண்டோ, தண்டயாபா பகுதிகளின் தங்குமிடங்களில் சர்க்கரை நீர்க் குடுவைகளை நாடி வரும் ஓசனிச்சிட்டுகள் இரண்டு மூன்று மீட்டர் தொலைவில் பறக்கும், சில நேரம் அதைவிடவும் அருகில் வந்துவிடும். உங்கள் கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் இரண்டரை மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 15 செ.மீ. அகலத்தைக் காட்டும் என்பதால், பத்துப் பன்னிரண்டு செ.மீ. நீளமுள்ள பறவைக்கு அதுவே போதும், 600 மி.மீ. வைத்தால் சிறகு வெட்டுப்படும். நானே ஒருமுறை 2.8 மீட்டருக்குக் குறைந்தால் ஃபோகஸ் ஆகாத லென்ஸ் ஒன்றைக் கடன் வாங்கிப் போய், குறுகலான தாழ்வாரத்தில் முதுகு சுவரில் முட்ட நின்றேன். கால்களில் வெண்பஞ்சு உருண்டைகளும் வால் நுனியில் இரண்டு சிறு துடுப்புகளும் கொண்ட சிட்டு ஒன்று ஒன்றரை மீட்டரில் வந்து நின்றது. லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்ததே தவிர ஒரு படமும் தேறவில்லை. ஆகவே 100-400 மி.மீ. வகையில், ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை ஃபோகஸ் ஆகும் லென்ஸைத் தேடுங்கள். எடை குறைவாகவும் இருக்கும் என்பதால் நாள் முழுவதும் கையில் பிடிக்கலாம்.

இனி ஒளி. ஓசனிச்சிட்டின் தொண்டையில் மின்னும் நிறம், இறகிலுள்ள நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றுவது. கோணம் சற்று மாறினாலும் அதே தொண்டை கரியாகத் தெரியும். எனவே வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர் என்பதால் ஆறு மணியளவில் உதிக்கும் சூரியன் விரைவாகத் தலைக்கு மேல் வந்துவிடும், நல்ல சாய்வொளி காலையில் சில மணி நேரம்தான் கிடைக்கும். மெல்லிய மேகம் கவிந்தால் கவலைப்படாதீர்கள். அந்த ஒளியில் நிறம் பல கோணங்களிலும் சீராகத் தெரியும்.

சிறிய ஓசனிச்சிட்டுகள் நொடிக்கு ஐம்பது தடவைக்கு மேலும் சிறகடிக்கும். 1/2000 நொடி ஷட்டர் வேகத்திலும் சிறகு நுனி சற்றுக் கலங்கித்தான் தெரியும், எனக்கு அது குறையாகத் தோன்றுவதில்லை. அந்த வேகத்துக்கு, லென்ஸின் எஃப் 5.6 துளையில், காட்டு நிழலில் ஐஎஸ்ஓ, அதாவது சென்சாரின் ஒளியுணர்திறன், 6400 வரை போக வேண்டியிருக்கும். கிளையில் அமர்ந்த பறவைக்கு 1/250 நொடி போதும். அதே ஒளியில் ஐஎஸ்ஓ 800-க்கு இறங்கிவிடும், படமும் தெளிவாக வரும். குடுவையையே குறிவைக்காமல், குடிக்க வருமுன் பறவை வழக்கமாக உட்காரும் குச்சியைக் கவனித்து வையுங்கள்.

இந்த ஒரு பயணத்துக்கு மட்டும்தான் என்றால் வாடகைக்கு எடுப்பதே சிக்கனம். முன்பணமும் சேதத்துக்கான பொறுப்பும் எழுத்தில் இருக்கட்டும். பழைய லென்ஸ் வாங்கினால் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். புதியது என்றால் ஜிஎஸ்டி பில்லும் இந்தியாவில் செல்லும் உத்தரவாத அட்டையும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு தயங்க வேண்டாம். பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. கடைக்காரர் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

லென்ஸ் வாங்கினால், திருப்பித் தரக்கூடிய அந்த நாட்களை வீணாக்காமல் இங்கேயே பழகிப் பாருங்கள். நம் ஊர்த் தேன்சிட்டு ஓசனிச்சிட்டின் உறவு அன்று; ஓசனிச்சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்பவை. ஆனாலும் செம்பருத்திக்கு வரும் ஊதாத் தேன்சிட்டின் ஆணும் வெயில் படும் கோணத்தைப் பொறுத்தே நீலமாகவோ கரியாகவோ தெரியும். இரண்டு மீட்டரில் நின்று அதைப் படமெடுத்துப் பாருங்கள். லென்ஸில் கோளாறு இருந்தால் திருப்பிக் கொடுக்க நேரம் இருக்கும்போதே தெரிந்துவிடும்.