விண்டோஸில் வரும் இணையம் லினக்ஸில் வராதது ஏன்?

கேள்வி: எங்கள் வீட்டு இணையம், வைஃபை இல்லாத, ஒரே ஈத்தர்நெட் போர்ட் உள்ள கேபிள் மோடம் வழியாக வருகிறது. மகனின் விண்டோஸ் லேப்டாப்பில் செருகினால் உடனே வேலை செய்யும் அதே கேபிள், லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு நிறுவிய மேசைக் கணினியில் செருகினால் இணைப்புத் தருவதில்லை. சேவை மையத்தினர் "லினக்ஸுக்கு சப்போர்ட் கிடையாது" என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், திருச்சி

பதில்: உங்கள் கணினியில் ஓடுவது விண்டோஸா, லினக்ஸா என்று மோடம் பார்ப்பதே இல்லை. அது பார்ப்பது, நெட்வொர்க் கார்டுக்கு உரிய அடையாள எண்ணான மேக் முகவரியை மட்டுமே. கேபிள் மோடம் இயங்கத் தொடங்கும்போது நிறுவனத்தின் சர்வரிலிருந்து ஓர் அமைப்புக் கோப்பை இறக்கிக்கொள்கிறது. எத்தனை கருவிகளை அனுமதிக்கலாம் என்ற எண்ணிக்கை அதில்தான் இருக்கிறது. அந்த எண்ணிக்கை 1 என்று இருந்தால், முதலில் கண்ட மேக் முகவரியை மோடம் பிடித்துவைத்துக்கொண்டு, மறுபடி அணைத்து இயக்கும்வரை வேறு எந்தக் கணினியையும் உள்ளே விடாது. லேப்டாப்பைக் கழற்றிய கையோடு உபுண்டு கணினியைச் செருகுவதால்தான் உங்களுக்கு இந்தத் தொல்லை என்று கருதுகிறேன்.

ஆகவே, மோடத்தின் மின்னிணைப்பை ஒரு நிமிடம் துண்டித்துவிட்டு, உபுண்டு கணினியைச் செருகி, மோடத்தை மீண்டும் இயக்கி, ஆன்லைன் விளக்கு நிலையாக எரிந்த பிறகு கணினியை இயக்குங்கள். தொலைபேசி வசதியும் உள்ள மோடம் சிலவற்றில் உள்ளே பேட்டரி இருக்கும். அதையும் கழற்றாவிட்டால் பிளக்கைப் பிடுங்கியும் பயனில்லை.

பிறகு டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) 'ஐபி அட்ர்' (ip addr) என்ற கட்டளையை இட்டுப் பாருங்கள். 'நோ கேரியர்' (NO-CARRIER) என்று வந்தால் கேபிளையோ கணினியின் போர்ட்டையோ சந்தேகிக்கலாம். லேப்டாப்பில் இணையம் ஒழுங்காக வருவதால், தெருவிலிருந்து மோடத்துக்கு வரும் கோஆக்சியல் லைனைக் குறை சொல்ல இடமில்லை. ஐபி முகவரி (இணைப்பில் கணினிக்குத் தரப்படும் எண் முகவரி) கிடைத்தும் தளங்கள் திறக்கவில்லையென்றால், 8.8.8.8 என்ற கூகுளின் முகவரியைப் பிங் (ping) கட்டளையால் அழைத்துப் பாருங்கள். அதற்குப் பதில் வந்து, தளத்தின் பெயருக்கு மட்டும் வராவிட்டால், கோளாறு, தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் இருக்கிறது. அப்போது டிஎன்எஸ் முகவரி எழுதப்பட்டிருக்கும் 'ரிசால்வ்' (/etc/resolv.conf) கோப்பில் 127.0.0.53 என்று காணப்படுவதைத் தவறென்று எண்ணிப் பலர் அழித்துவிடுகிறார்கள்; உபுண்டுவில் அது இயல்பானதே. டிஎன்எஸ் முகவரியை நெட்வொர்க் அமைப்புகளில் மாற்றுவதே முறை.

மோடத்தை அணைத்து இயக்கியும் ஐபி முகவரி கிடைக்காவிட்டால், லேப்டாப்பின் மேக் முகவரியை நிறுவனமே பதிவு செய்து வைத்திருக்கக்கூடும். உபுண்டு கணினியின் மேக் முகவரியைக் கொடுத்து மாற்றித் தரச் சொல்லுங்கள். லினக்ஸ் என்ற பேச்சையே அங்கே எடுக்க வேண்டாம். இரண்டு கணினிகளிலும் ஒரே நேரத்தில் இணையம் தேவையென்றால், நடுவில் ஒரு ரவுட்டரை வைத்துவிடுங்கள். மோடத்தின் கண்ணுக்கு அந்த ரவுட்டர் ஒன்றே தெரியும். அதைச் செருகிய பிறகும் ஒருமுறை மோடத்தை அணைத்து இயக்க வேண்டியிருக்கும்.