புற்றுக்கட்டிக்குள் பாக்டீரியா இருந்தால், ஆன்டிபயாடிக் கொடுத்துக் கட்டியைக் கரைக்க முடியுமா?

பெருங்குடல் புற்றுக்கட்டியில் வாய்க்கிருமி இருப்பதாகப் படித்துவிட்டு இதைக் கேட்டிருக்கிறீர்கள். படித்தது உண்மைதான், ஆனால் அந்தக் கட்டி ஆன்டிபயாடிக்கால் கரையாது.

ஃபுசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்னும் அந்தக் கிருமி, ஈறுகளை ஒட்டிப் பல்லில் படியும் படலத்தில் வாழ்வது. ஆக்சிஜனை விரும்பாத இக்கிருமிக்கு, ஆக்சிஜன் குறைந்த கட்டியின் உட்பகுதி வசதியான இடம். புற்றணுக்களின் மேற்பரப்பில் மிகுந்திருக்கும் ஒருவகைச் சர்க்கரையை அதன் ஃபேப்2 என்னும் புரதம் பற்றிக்கொள்கிறது. அதே புரதம், கட்டியைத் தாக்க வரும் நோய் எதிர்ப்பு அணுக்களின் ஏற்பி ஒன்றில் ஒட்டி, அவற்றின் வேகத்தையும் அடக்கிவிடுகிறது. பெருங்குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய கட்டிகளிலும் இக்கிருமி உயிரோடு இருப்பதை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த ஆய்வில் எலிகளுக்கு மெட்ரோனிடசோல் என்னும் ஆன்டிபயாடிக் கொடுத்தபோது கட்டியின் வளர்ச்சி குறைந்ததே தவிர, கட்டி மறைந்துவிடவில்லை.

இரைப்பையில் நிலைமை வேறு. கிருஷ்ணகிரியில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில், எண்டோஸ்கோபியில் எடுத்த குருணையளவு திசுவை யூரியா கலந்த மஞ்சள் நிற ஊடகத்தில் வைப்போம். ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் இரைப்பைக் கிருமி இருந்தால், திசுவைச் சுற்றி இளஞ்சிவப்பு படரத் தொடங்கும். யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, அதனால் அமிலத்தைத் தணித்துத்தான் அக்கிருமி இரைப்பையில் பிழைக்கிறது; நிறத்தை மாற்றுவதும் அதே அம்மோனியாதான். ஆண்டுக்கணக்கில் அழற்சியை நீடிக்கச் செய்து புற்றுக்கு வழிவகுக்கும் இதனை, 1994இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் வகைப் புற்றுக் காரணியாக, அதாவது மனிதருக்குப் புற்றை உண்டாக்குவது உறுதியானதாக, அறிவித்தது. இங்கே ஆன்டிபயாடிக்குக்கு உண்மையிலேயே வேலை உண்டு: இரைப்பையில் வரும் மால்ட் லிம்ஃபோமா என்னும் மெதுவாக வளரும் புற்று, தொடக்க நிலையில், இக்கிருமியை ஒழித்தாலே பெரும்பாலானோருக்கு மறைந்துவிடுகிறது.

அதைப் பார்த்து, வீட்டில் பெருங்குடல் புற்று உள்ளவருக்கு மெடிக்கலில் மெட்ரோனிடசோல் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். நோய் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டிப் புற்றைத் தாக்கவைக்கும் இம்யூனோதெரபியை ஒட்டி ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்கு அச்சிகிச்சையின் பலன் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. குடலில் உள்ள நல்ல கிருமிகளும் சேர்ந்து அழிவது அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. சாதாரணக் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்தாலும், அவருடைய புற்றுநோய் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.