ஆஷ்காஷ் விமானத் திருவிழா: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆஷ்காஷ் என்று ஒரு சின்ன ஊர். வருஷா வருஷம் ஜூலை கடைசியில் ஒரு வாரம் அங்கே நடக்கும் ஈஏஏ (எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன்) சங்கத்தின் ஏர்வென்ச்சர் விழாவுக்கு 2014-லிருந்து ஆறு தடவை போய் வந்திருக்கிறேன், அதில் நான்கு தடவை கூடாரம் போட்டுத் தங்கினேன். இந்த வருஷம் போக நினைக்கிறவர்கள் கேட்ட கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சார், இதுவும் நம்ம பெங்களூரு ஏரோ இந்தியா மாதிரி ஒரு ஏர் ஷோதானே?

இல்லைங்க. ஏரோ இந்தியா ராணுவத் தளவாடச் சந்தை, அங்கே நாம் வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள். ஆஷ்காஷில் விமானம் வைத்திருக்கிற சாதாரண ஆட்கள் தங்கள் விமானத்தைத் தாங்களே ஓட்டிக்கொண்டு வந்து இறங்கி, இறக்கைக்குக் கீழே கூடாரம் அடித்து ஒரு வாரம் தங்குகிறார்கள். பல் டாக்டர், விவசாயி, ஓய்வு பெற்ற வாத்தியார் என்று எல்லோரும் உண்டு. 1953-ல் பால் போபெரெஸ்னி என்பவர் மில்வாக்கியில் வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்களை ஒன்று சேர்த்து ஈஏஏ சங்கத்தை ஆரம்பித்தார். அந்த வருஷம் நடந்த முதல் கூடுகைக்கு வந்த பார்வையாளர்கள் 150 பேர்கூட இல்லை. 1959-ல் இல்லினாய்ஸின் ராக்ஃபோர்டுக்குப் போய், அங்கேயும் இடம் போதாமல் 1970-ல் ஆஷ்காஷுக்கு வந்தது. 2025-ல் கூட்டம் ஏழு லட்சத்தைத் தாண்டிவிட்டது. மதியம் வானில் சாகசக் காட்சி தினமும் உண்டு, புதன், சனி இரவுகளில் வாணவேடிக்கையோடும் உண்டு. ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிகூடப் பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன்.

சுற்றுவட்டாரத்தில் மொத்தம் பத்தாயிரம் விமானம் வரும் என்கிறார்களே, ஒரு சின்ன ஊர் விமானத்தளத்தில் எப்படி இறங்குகின்றன அண்ணா?

யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன்! ஆஷ்காஷுக்குத் தென்மேற்கே ரிப்பன் என்று ஓர் ஊர் இருக்கிறது. சின்ன விமானங்கள் எல்லாம் அதன் மேல் வந்து சேர்ந்து, கீழே ஓடும் ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஃபிஸ்க் என்ற குக்கிராமம் வரை ஒன்றன்பின் ஒன்றாகப் பறக்க வேண்டும். உயரம் கடல் மட்டத்திலிருந்து 1,800 அடி, வேகம் 90 நாட் (மணிக்குச் சுமார் 167 கிலோமீட்டர்), முன்னால் போகிறவருக்கும் நமக்கும் அரை மைல் இடைவெளி. அவ்வளவு மெதுவாகப் போக முடியாதவர்களுக்கு 2,300 அடியில் 135 நாட் என்று தனிப்பாதை.

ஃபிஸ்கில் ஒரு மேட்டில் கட்டுப்பாட்டாளர்கள் பைனாகுலரோடு உட்கார்ந்திருப்பார்கள். விமானிகள் யாரும் ரேடியோவில் வாய் திறக்கக் கூடாது. அத்தனை பேரும் பேச ஆரம்பித்தால் ஒருவருக்கும் எதுவும் கேட்காது, அதனால்தான். கீழே இருப்பவர் நிறத்தையும் இறக்கை விமான உடலுக்கு மேலா கீழா என்பதையும் பார்த்து, "மஞ்சள் நிற ஹை விங், இறக்கையை ஆட்டு" என்பார். விமானம் இரண்டு பக்கமும் சாயும். "நல்லா ஆட்டினாய், இந்த ஓடுதளத்துக்குப் போ" என்று அனுப்பிவிடுவார். பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

ஓடுதளத்தில் பெரிய பெரிய வண்ணப் புள்ளிகள் வரைந்திருப்பார்கள். ஒருவரைப் பச்சைப் புள்ளியில் இறங்கச் சொல்வார்கள், அவர் உருண்டு ஓரம் போவதற்குள் அடுத்தவரை ஆரஞ்சுப் புள்ளிக்குக் கூப்பிடுவார்கள். ஒரே ஓடுதளத்தில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று விமானங்கள் இருக்கும். இதற்கென்றே நாடு முழுவதிலிருந்தும் கட்டுப்பாட்டாளர்களைப் பொறுக்கி எடுத்துக் கொண்டுவருகிறார்கள், எல்லோரும் பளிச்சென்ற பிங்க் சட்டையில் நிற்பார்கள். அந்த ஒரு வாரம் உலகத்திலேயே அதிக வேலை நடக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரம் இதுதான். விழா திங்கட்கிழமை தொடங்கும், முந்தின ஞாயிறே வந்துவிட முடிந்தால் ஒரு மடக்கு நாற்காலியோடு ஓடுதள ஓரத்தில் போய் உட்காருங்கள். விமான அலைவரிசையைப் பிடிக்கும் ரேடியோ இருந்தால் 120.7 மெகாஹெர்ட்ஸில் ஃபிஸ்க் பேசுவதைக் கேட்கலாம். நான் ஒருமுறை காலை ஒன்பதுக்கு உட்கார்ந்து சாப்பாடு மறந்து மூன்று மணிக்குத்தான் எழுந்தேன்.

பயமாக இருக்கிறதே. விபத்து நடக்காதா?

நடந்திருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. சில வருஷங்களில் உயிரிழப்பும் உண்டு. அதனால்தான் வரும் விமானிகளுக்கென்று ஒவ்வொரு வருஷமும் தனி அறிவிப்புப் புத்தகமே போடுகிறார்கள், அதைப் படிக்காமல் கிளம்பாதே என்று சங்கமே தலையில் அடித்துச் சொல்கிறது. பார்வையாளர்கள் நிற்கும் இடம் ஓடுதளத்திலிருந்து தள்ளித்தான் இருக்கும். கயிறு கட்டிய இடத்தைத் தாண்டாதீர்கள்.

வீட்டிலேயே கட்டிய விமானம் என்கிறீர்கள், அதில் நம்பி எப்படி ஏறுவது? (பாலிடெக்னிக் மாணவன் கேட்கிறேன்)

நல்ல கேள்வி தம்பி. அமெரிக்கச் சட்டப்படி ஒரு விமானத்தின் பெரும்பங்கு வேலையைக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ நீயே செய்திருந்தால் அதற்குத் தனி வகைச் சான்றிதழ் உண்டு. முதலில் பரிசோதகர் வந்து பார்ப்பார். அப்புறம் குறிப்பிட்ட பரப்புக்குள் பல மணி நேரம் பயணி யாரையும் ஏற்றாமல் பறந்து சோதிக்க வேண்டும். ஏறுகிற இடத்தில் 'எக்ஸ்பெரிமென்டல்' என்று எழுதியே ஆக வேண்டும். இப்போது பெரும்பாலும் கிட் (பாகங்கள் அடங்கிய தொகுப்பு) வாங்கித்தான் கட்டுகிறார்கள். வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி என்ற கிட் விமானங்கள் வரிசை வரிசையாக நிற்கும், பார்த்தாலே தெரிந்துவிடும். விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூடன் 1975-ல் ஃபோமும் கண்ணாடி இழையும் கொண்டு செய்த வேரிஈஸி விமானத்தை இங்கேதான் கொண்டுவந்து காட்டினார். அதே ரூடன் வடிவமைத்த வாயேஜர்தான் 1986-ல் எங்கும் இறங்காமல், நடுவில் எரிபொருள் நிரப்பாமல் உலகத்தைச் சுற்றி வந்தது.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். பிடித்த விமானத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் போய் "இதைக் கட்ட எத்தனை வருஷம் ஆனது?" என்று கேள். அந்தக் கேள்விக்காகத்தான் அவர் ஆயிரம் மைல் பறந்து வந்திருக்கிறார். ஒருவர் எனக்குத் தன் இறக்கையின் அடிப்பக்கத்தைக் குனிந்து காட்டினார். ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) வரிசையில் ஓரிடம் லேசாகக் கோணியிருந்தது. "அன்றைக்குத்தான் என் பேரன் பிறந்த செய்தி வந்தது" என்றார், அதை மாற்றவே இல்லையாம். ஷீட் மெட்டல், வெல்டிங், மரவேலை, துணி ஒட்டுவது எல்லாம் சொல்லித்தரும் பட்டறைக் கூடாரங்களும் இருக்கின்றன. கையை அழுக்காக்கிக் கற்றுக்கொள்ளலாம்.

ஏழு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரலாமா? அலுத்துப்போகுமா?

தாராளமாக வாங்க அக்கா. கிட்வென்ச்சர் என்று பிள்ளைகளுக்கே தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், ஆணி அடிக்கிற வேலை முதல் சிமுலேட்டர் வரை அங்கே உண்டு. சமீப வருஷங்களில் 18 வயது வரை நுழைவு இலவசம், நீங்கள் போகும் வருஷத்துக்கும் அப்படித்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2018-ல் ஓர் ஆர்வி-12-ஐ அங்கேயே, எல்லோர் கண்ணெதிரிலும் ஒரு வாரத்தில் கட்டினார்கள். போகிற வருகிற யார் வேண்டுமானாலும் ஒரு ரிவெட் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம். என் மகளுக்கு அப்போது எட்டு வயது. ரிவெட் இழுக்கும் கருவியின் கைப்பிடிகள் அவள் பலத்துக்குச் சேரவில்லை. பக்கத்தில் நின்ற தன்னார்வலர் அவள் கைமேல் கை வைத்து அழுத்தினார், 'டப்' என்று ரிவெட்டின் நடு ஊசி முறிந்தது. அந்த முறிந்த ஊசித் துண்டு இன்றும் அவள் பென்சில் பெட்டியில் இருக்கிறது.

ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். எதைப் பார்ப்பது, எதை விடுவது?

வாசல் திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். வெயில் ஏறுவதற்குள் வடபக்கம் வார்பேர்ட்ஸ் பகுதி, அங்கே இரண்டாம் உலகப்போர் விமானங்கள். மஸ்டாங் ஒன்று என்ஜினைக் கிளப்பும்போது வரும் அந்தப் புகையும் இருமலும் காலையில்தான் கிடைக்கும். அப்புறம் நடுவில் போயிங் பிளாசா, பெரிய விமானங்கள் தினமும் மாறும். பிறகு வீட்டில் கட்டியவை. மதியக் காட்சியைப் புல்வெளியில் உட்கார்ந்து பாருங்கள், அந்த நேரம் விமானத்தளத்தை மற்ற போக்குவரத்துக்கு மூடிவிடுவார்கள். கண்காட்சி அரங்குகளை விட்டுவிடுங்கள், விமானம் வாங்கப் போகிறவர்களுக்குத்தான் அது.

தொட்டுப் பார்க்கலாமா?

உரிமையாளரைக் கேட்காமல் கூடாது. துணி போர்த்திய பழைய விமானத்தில் விரல் அழுத்தினாலே பள்ளம் விழும். தோள்பையின் ஜிப், பெல்ட் பக்கிள் உரசிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ப்ரொப்பெல்லர் பக்கமே போகாதீர்கள், என்ஜின் நின்றிருந்தாலும் சரி. விமானங்களுக்கு நடுவே சிகரெட் கூடவே கூடாது.

மழை வந்தால்? எங்கே தங்குவது? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

மழை வரும். கோடைக்கால இடிமழை அங்கே சகஜம், காற்றோடு வரும். 2010-ல் விழாவுக்கு முன்னாலேயே பெய்த மழையில் புல்தரை முழுக்கச் சேறாகி, விமானங்களை நிறுத்த இடமில்லாமல் பக்கத்து ஊர்களுக்கு அனுப்பினார்கள். கூடாரத்தின் முளைக்குச்சி நீளமானதாக வாங்குங்கள், கடையில் கூடவே தருகிற ஒல்லிக் கம்பி போதாது, ஒரு நடுராத்திரி பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

காரில் வருகிறவர்களுக்கு ஷோலர் என்ற முகாம். குளியலறை, கடை எல்லாம் இருக்கிறது, காலை ஆறு மணிக்குமேல் வரிசை நீளும். கூடாரம் வேண்டாம் என்றால் ஊரில் உள்ள பல்கலைக்கழக விடுதி அறைகளை வாடகைக்கு விடுவார்கள், வீடுகளையும் விடுவார்கள், மாதக்கணக்கில் முன்னாலேயே பிடிக்க வேண்டும். விமானத்தில் வந்தால் ஆப்பிள்டன் பக்கம், மில்வாக்கியிலிருந்து ஒன்றரை மணி நேரம், சிகாகோவிலிருந்து காரில் மூன்று மணி நேரம்.

சாப்பாடு பெரும்பாலும் பர்கரும் பிராட்வர்ஸ்ட் என்ற இறைச்சி சாசேஜும்தான். சைவத்துக்கு சீஸ் கர்ட்ஸ் (சின்னச் சின்ன சீஸ் கட்டிகள்) பொரித்துத் தருவார்கள், விஸ்கான்சின் பாலுக்குப் பேர் போன ஊர், சூடாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும். நாங்கள் புளியோதரைப் பொடியும் சின்ன கேஸ் அடுப்பும் எடுத்துப்போவோம். ஒருமுறை பக்கத்துக் கூடாரக்காரர் வாசனை பிடித்து வந்து நின்றார், மறுநாள் தன் செஸ்னா விமானத்தில் எங்களை உட்கார வைத்துப் படம் எடுத்துக் கொடுத்தார்.

கூட்டம், வெயில் என்றாலே எனக்கு ஆகாது. அமைதியாக ஏதாவது உண்டா?

கடல்விமானத் தளத்துக்குப் போங்கள். வின்னபாகோ ஏரிக்கரையில் மரங்களுக்கு நடுவே இருக்கிறது, முகாமிலிருந்து பஸ் போகும். நுழைவாயிலிலிருந்து கொஞ்சம் நடந்தால் ஒரு சின்ன வளைகுடா, அதில் மிதவைக் கால் விமானங்கள் படகு மாதிரி கட்டிக் கிடக்கும். கரையில் மர பெஞ்சுகள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போனால் கூட்டம் கலைந்திருக்கும். நான் போன ஒரு நாள், ஒரு வயதானவர் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு தன் விமானத்தின் மிதவைக்குள் கசிந்திருந்த நீரை கைப்பம்பால் இறைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது தடவையாவது இழுத்திருப்பார், எண்ணிக்கொண்டே இழுத்தார். அப்புறம் மூடியைத் திருகிவிட்டு, காலைத் துடைத்துக்கொண்டு ஏறி, ஏரிக்குள் மெதுவாக ஓட்டிப்போய்க் கிளம்பினார். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் இறங்கும்போதே டிரைவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.