வேகமான பேசிக் கம்பைலர் எது?

கேள்வி: ஜவுளிக் கடைகளுக்கு விஷுவல் பேசிக் 6இல் கணக்கு மென்பொருள் எழுதித் தருகிறேன். 20,000 வரிகள் கொண்ட இருப்புப் பட்டியல் தயாராக நான்கு நிமிடம் ஆகிறது. வேகமான பேசிக் கம்பைலர் ஒன்றைச் சொல்லுங்கள். நிரலின் ஒரு பகுதியை இணைத்திருக்கிறேன்.
– வாசகர், ஈரோடு

பதில்: நிரலை வரி வரியாகப் படித்தேன். கம்பைலரை, அதாவது நிரலை இயந்திர மொழியாக்கும் கருவியை மாற்றாதீர்கள், முதலில் பட்டியலைத் தயாரிக்கும் சுழற்சியை மாற்றுங்கள். விஷுவல் பேசிக் 1997இல் வந்த 5ஆம் பதிப்பிலிருந்தே நேரடி இயந்திர மொழிக்கு மாற்றித் தருகிறது. திட்டப் பண்புகளில் ‘பி-கோட்’ (இயங்கும்போது விளக்கப்படும், மெதுவான இடைநிலைக் குறியீடு) தேர்வாகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரத்தைத் தின்பது பட்டியலைச் சேர்க்கும் வரிதான். பழைய சரத்தோடு (எழுத்துத் தொடரோடு) குறியீடு, பெயர், அளவு, விலை என்று பத்து ‘&’ குறி போட்டு ஒட்டுகிறீர்கள். ஒவ்வொரு குறிக்கும் அதுவரை சேர்ந்த சரம் முழுவதும் புதிய இடத்துக்கு நகலாகிறது. வரிக்கு 80 எழுத்து என்றால், 20,000 வரி முடிவதற்குள் ஏறக்குறைய 16,000 கோடி எழுத்துகள் நகலெடுக்கப்படுகின்றன! ஒவ்வொரு வரியையும் ஓர் அணியில் (வரிசைப் பட்டியலில்) போட்டுவைத்து, கடைசியில் ‘ஜாயின்’ கட்டளையால் ஒரே முறை இணையுங்கள். நானும் ஓர் அரிசி ஆலைக் கணக்கில் இதே தவறைச் செய்து, ஒரு வாரம் கம்பைலரையே சந்தேகித்தேன்.

இன்னொன்று. ‘டிம் எ, பி ஆஸ் லாங்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் ‘பி’ மட்டுமே லாங் (முழு எண் வகை). ‘எ’ வேரியன்ட் (எந்த மதிப்பையும் ஏற்கும், மெதுவான வகை) ஆகிவிடுகிறது. இரண்டுக்கும் தனித்தனியாக வகை கொடுங்கள்.

ஆனாலும் ஒரு நாள் நீங்கள் மாறத்தான் வேண்டும். விஷுவல் பேசிக் 6இன் உரைப்பெட்டியில் யூனிகோடு தமிழ் வெறும் கேள்விக்குறிகளாகத்தான் தெரியும். தமிழில் ரசீது கேட்கும் கடைக்காரருக்கு அதைக் காட்டுவது முறையல்ல. அப்போது விஷுவல் பேசிக் 6உடன் ஒத்துப்போகும் ட்வின்பேசிக் என்ற கம்பைலரில் உங்கள் திட்டத்தின் நகலைத் திறந்து பாருங்கள். பழைய படிவங்களையும் நிரலையும் ஏற்கிறது, 64 பிட் கோப்பும் தருகிறது. இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் கருவி என்பதால் ஒவ்வொரு திரையையும் சோதித்த பிறகே கடைக்குக் கொடுங்கள்.

புதிதாகத் தொடங்குபவராக இருந்தால் ப்யூர்பேசிக்கைச் சொல்லியிருப்பேன். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும், படிவ வடிவமைப்பானும் (திரைகளை வரைந்து அமைக்கும் கருவியும்) உண்டு. பவர்பேசிக் வேகத்துக்குப் பேர்போனது, ஆனால் 32 பிட்டோடு நின்றுவிட்டது. அதை உருவாக்கிய பாப் ஜேல் 2012இல் மறைந்துவிட்டார்.

ஃப்ரீபேசிக் இலவசம். ஜிசிசி என்ற சி மொழிக் கம்பைலர் வழியாக மாற்றினால் கணக்கீடுகள் பறக்கும். படிவ வடிவமைப்பான் அதனுடன் வராது. அதற்கு மாறினால் ஒரு விஷயத்தில் கவனம்: விஷுவல் பேசிக்கின் இன்டிஜர் (முழு எண் வகை) 16 பிட், ஃப்ரீபேசிக்கின் இன்டிஜர் 32 அல்லது 64 பிட். ‘ஷார்ட்’ (16 பிட் முழு எண்) என்று மாற்றாமல் பழைய இருப்புக் கோப்பைத் திறந்தால் அளவுகள் எல்லாம் தாறுமாறாக வரும். கோப்பின் நகலில் மட்டுமே சோதியுங்கள்.