வாசகர் கேள்வி-பதில்: தேவாலயத்துப் பாலர்பள்ளியில் மகளைச் சேர்க்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டருகே ஒரு தேவாலயம் நடத்தும் பாலர்பள்ளி இருக்கிறது. கட்டணம் எங்களுக்குக் கட்டுப்படியாகிறது. ஆசிரியைகளும் பொறுமையானவர்கள் என்று அக்கம்பக்கத்தார் சொல்கின்றனர். ஆனால் நாங்கள் இந்துக்கள். ‘பிள்ளைக்கு ஜெபம் சொல்லப் பழக்கிவிடுவார்கள்’ என்று மாமியார் தடுக்கிறார். பின்னர் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பவிருக்கும் ஐந்து வயது மகளை அங்கே சேர்க்கலாமா? நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள்.
– ஒரு தாய், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: சேர்க்கலாம், சகோதரி. ஆனால், பதிவுப் பாரத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே தலைமையாசிரியையிடம் சில விஷயங்களைப் பேசித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

மாமியாரின் அச்சத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட மாட்டேன். பிற சமயத்தின் போதனையிலோ வழிபாட்டிலோ பங்குகொள்ளுமாறு யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும், 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் சமயத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோ முடிவு செய்வர் என்றும் நம் கூட்டரசு அரசியலமைப்பின் 12ஆம் பிரிவு கூறுகிறது. எனவே, காலையில் ஜெபம் உண்டா, பைபிள் கதைகள் சொல்லப்படுமா, அந்நேரத்தில் மற்றச் சமயத்துப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று நேரடியாகக் கேட்பதில் தவறில்லை. ‘உங்கள் மகள் சும்மா உட்கார்ந்திருக்கலாம்’ என்பதும் ‘எல்லாரும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும்’ என்பதும் வேறு வேறு பதில்கள். இரண்டாவது பதில் கிடைத்தால், சேர்த்துவிட்டுப் பின்னர் சண்டை பிடிப்பதைவிட வேறிடம் பார்ப்பதே நல்லது. 1852இல் தொடங்கிய லைட் ஸ்திரீட் கான்வென்ட் முதலாகக் கிறிஸ்தவ சபைகளின் பள்ளிகளில் படித்துவிட்டு, வீட்டில் விளக்கேற்றி வழிபட்ட பெண்கள் பினாங்கில் எத்தனையோ பேர். மாமியாருக்குத் தெரிந்தவர்களிலேயே சிலர் இருக்கக்கூடும். பிள்ளை ஒருநாள் சாப்பாட்டுக்கு முன் கண்மூடிக் கைகூப்பினால் அதட்டாதீர்கள். அங்கே அப்படி, நம் வீட்டில் இப்படி என்று சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்.

பதிவைப் பற்றியும் கேளுங்கள். நான்கு முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகளுக்கான பாலர்பள்ளி, அதாவது தாடிகா, 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டப்படி கல்வியமைச்சில் பதிவு பெற்றிருக்க வேண்டும். நான்கு வயதுக்குக் குறைந்தவர்களைப் பராமரிக்கும் தாஸ்கா சமூக நலத்துறையின் கீழ் வருவது. வகுப்பு முடிந்த பிறகு மகளை யார், எங்கே, எத்தனை மணி வரை பார்த்துக்கொள்வார்கள் என்பதும் உங்கள் இருவருக்கும் மிக முக்கியம்.

என்னைக் கேட்டால், ஜெபத்தைவிடத் தமிழைப் பற்றித்தான் அதிகம் யோசிப்பேன். தேசிய மொழி அல்லாத மொழியிலும் பாலர்பள்ளி நடத்தலாம். அப்படி நடத்தினால் தேசிய மொழியைக் கட்டாயப் பாடமாகக் கற்பிக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். தமிழுக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. ஆங்கிலத்திலேயே நடக்கும் வகுப்பில் படித்துவிட்டு முதலாம் ஆண்டுக்குத் தமிழ்ப்பள்ளியில் நுழையும் பிள்ளை, உயிரெழுத்துகளையே அங்கு போய்த்தான் பழக நேரிடும். அப்பாலர்பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லையென்றால், தினமும் மாலையில் கொஞ்ச நேரம் வீட்டில் எழுத்துப் பழக்க யாரால் முடியும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அந்தப் பொறுப்பு மாமியாருக்கே பொருத்தமாக இருக்கலாம். பல தமிழ்ப்பள்ளிகளின் வளாகத்திலேயே பாலர் வகுப்புகள் நடப்பதால், உங்கள் பகுதியில் இடம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

தலைமையாசிரியையைப் பார்க்கப் போகும்போது மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள். ஜெபம் பற்றிய கேள்வியை அவரே கேட்கட்டும்.