அறையும் பளிச், டிவி திரையும் பளிச்: அந்தக் காலத்தில் எப்படி எடுத்தார்கள்?

கேள்வி: 1960களின் அமெரிக்க விளம்பரப் படங்களில் வரவேற்பறையும் வெளிச்சமாக இருக்கிறது, டிவி திரையும் தெளிவாகத் தெரிகிறது. என் 35 மி.மீ. ஃபிலிம் கேமராவில் ஃபிளாஷ் போட்டால் திரை வெளுக்கிறது. போடாவிட்டால் குறுக்கே கறுப்புப் பட்டை. பழைய பிக்சர் ட்யூப் டிவியை வைத்து அதுபோல எடுக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் அந்த விளம்பரங்கள் பலவற்றில் திரையில் இருந்தது டிவி காட்சியே அல்ல. தனியாக எடுத்த புகைப்படத்தை வெட்டி ஒட்டியது. ‘திரையில் உள்ளது மாதிரிப் படம்’ என்ற பொருளில் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரியும் போட்டிருப்பார்கள்.

ஒட்டு இல்லாத வழி, டபுள் எக்ஸ்போஷர்: ஃபிலிமின் ஒரே ஃபிரேமில் இரண்டு முறை எடுப்பது. கேமராவை ஸ்டாண்டில் இறுக்குங்கள். முதலில் டிவியை அணைத்து, திரையளவுக்கு வெட்டிய கறுப்பு வெல்வெட் துணியால் மூடி, லென்ஸ் துளையை எஃப்/8-இல் வைத்து, ஃபிளாஷ் போட்டு அறையை எடுங்கள். துணியை விட்டுவிடாதீர்கள்: ட்யூபின் உட்பூச்சு வெளிர் சாம்பல் நிறம், ஃபிளாஷ் பட்டால் கறுப்பெல்லாம் வெளுத்துவிடும். பிறகு துணியை எடுத்து, விளக்குகளை அணைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, டிவியை மட்டும் போட்டு அதே ஃபிரேமில் இன்னொரு முறை எடுங்கள். ஐஎஸ்ஓ 100 ஃபிலிமுக்கு, அதே எஃப்/8-இல் அரை, ஒன்று, இரண்டு நொடி என்று மூன்று விதமாக முயலுங்கள். ஒவ்வொன்றுக்கும் புது ஃபிரேமில் ஃபிளாஷிலிருந்து தொடங்க வேண்டும், வேறு வழியில்லை. இவ்வளவு நேரம் ஷட்டர் திறந்திருப்பதால் ஓடும் காட்சி கலங்கிவிடும். டிவிடி போட்டு, பாஸ் (pause) பொத்தானால் காட்சியை அசையாமல் நிறுத்துங்கள்.

பட்டை விழுவது ஷட்டர் வேகத்தால். நம் டிவியில் நொடிக்கு 25 ஃபிரேம். ஒவ்வொன்றும் மேலிருந்து கீழாக வரிவரியாக இரண்டு தடவையில் வரையப்படுகிறது. 1/125-இல் ஷட்டர் மூடிக்கொண்டால் பாதித் திரைகூட வரைந்திருக்காது. அரை நொடியில் இந்தத் தொல்லை இல்லை.

ஃபிலிம் நகராமல் ஷட்டரை மறுபடி ஏற்றுவதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். டபுள் எக்ஸ்போஷர் லீவர் இல்லாத கேமராவில், முதல் எக்ஸ்போஷருக்கு முன்பே ரீவைண்ட் குமிழைத் திருப்பி ஃபிலிமின் தொய்வை எடுத்துவிடுங்கள். இரண்டாவதற்கு, குமிழைப் பிடித்துக்கொண்டு அடியிலுள்ள ரீவைண்ட் பொத்தானை அழுத்தியபடி, ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுங்கள். அப்படியும் நூலளவு நகரலாம். படம் திரையின் சட்டத்தில் ஏறி நிற்கும். ஒரு படத்துக்கு ஒரு தாள் என்று ஷீட் ஃபிலிம் போட்ட பெரிய கேமராக்களில் இந்தச் சிக்கலே கிடையாது.

பகல் வெளிச்சத்துக்கான கலர் ஃபிலிமில் (டேலைட் ஃபிலிம்) திரை நீலப்பச்சையாக விழும். இரண்டாவது எக்ஸ்போஷருக்கு மட்டும் சிசி40 என்ற நிறம் திருத்தும் சிவப்பு ஃபில்டரை லென்ஸ் முன்னால் கையால் பிடித்து, நேரத்தை முன்பு இருந்ததைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலாக்குங்கள்.

ஆட்கள் இருந்தால், இரண்டாவது எக்ஸ்போஷரில் டிவி வெளிச்சம் படாத இடத்துக்கு விலகச் சொல்லுங்கள். ஃபிளாஷில் திரையை மறைத்து நின்றவர் மேல் மட்டும் காட்சி படிந்துவிடும். அதனால் ஃபிளாஷ் போடும்போதே அவரைத் திரைக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள்.