தம்பி போனை எடுக்காத நாட்களில்

அன்புள்ள ஐயா,

என் தம்பி ஆறு மாதமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறான். நான் வேறு ஊரில் இருக்கிறேன். தினமும் கூப்பிட்டு, "தைரியமா இரு, உனக்கு என்ன குறை?" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அவன் போனை எடுப்பதே இல்லை. தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுவதா? மாத்திரை செய்யாததை ஒரு அக்காவின் பேச்சு செய்துவிடுமா?

ம.

அன்புள்ள ம.,

விட்டுவிடாதீர்கள். பேசும் விதத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

"உனக்கு என்ன குறை?" என்று நீங்கள் ஆசையோடுதான் கேட்டீர்கள். அவன் காதில் அது வேறு மாதிரி விழுந்திருக்கும். ஒரு குறையும் இல்லாமலே இப்படிக் கிடக்கிறோமே என்ற குற்றவுணர்வு இந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று. உங்கள் கேள்வி அதன் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. போனை எடுத்தால் நன்றாக இருப்பதுபோலப் பேச வேண்டும். அதற்கு அவனிடம் தெம்பு இல்லாமல் இருக்கலாம். எடுக்காததைக் கோபம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

ஜில் ஹூலி, ஜான் டீஸ்டேல் என்ற இரு ஆய்வாளர்கள் 1989இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றவர்களிடம், "உங்கள் கணவரோ மனைவியோ உங்களை எவ்வளவு குறை சொல்கிறார்?" என்று கேட்டார்கள். யாருக்கு நோய் திரும்பும் என்பதை மற்ற எதையும்விட அந்த ஒரு கேள்விக்கான பதிலே நன்றாகக் காட்டியது. வீட்டாரின் பேச்சுக்கு அவ்வளவு பலம் இருக்கிறது, இரண்டு பக்கமும்.

நல்ல பக்கத்துக்கு ஜிம்பாப்வேயைச் சொல்வேன். மனநல மருத்துவர்கள் மிகக் குறைவாக உள்ள நாடு அது. அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர் 2006இல் பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையங்களுக்கு வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார். அந்தப் பாட்டிகள் வருகிறவரின் கதையைக் கேட்பார்கள். அப்புறம் அவர் தன் பிரச்சினைகளில் ஒன்றை எடுத்து, தானே ஒரு சின்ன வழி கண்டுபிடிக்கத் துணையிருப்பார்கள். 2016இல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட பாட்டிகளிடம் பேசியவர்களுக்கு நோயின் அறிகுறிகள் வெகுவாகக் குறைந்திருந்தன. எனக்கு இதில் மிகவும் பிடித்தது, வழியை வந்தவரே கண்டுபிடிப்பதுதான்.

மாத்திரைக்குப் பதிலாக இதைச் சொல்லவில்லை. அதை நிறுத்துவதோ மாற்றுவதோ மருத்துவரிடம் கேட்டுத்தான். ஆறு மாதமாகியும் தெளிவு இல்லையென்றால் அதையும் அவரிடம் சொல்ல வேண்டும். அடுத்த முறை போகும் தேதியை நீங்களே கேட்டு வாங்கிக் கொடுங்கள், முடிந்தால் கூடப் போங்கள். எழுந்து உட்காரவே மலைப்பாக இருப்பவனுக்கு இந்த மாதிரி உதவி நூறு ஆறுதல் வார்த்தையைவிடப் பெரிது.

ஒன்றைக் கேட்கத் தயங்காதீர்கள். சாவதைப் பற்றிப் பேசினாலோ, உங்களுக்கு அப்படிச் சந்தேகம் வந்தாலோ, "உயிரை விட்டுவிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் அவனைத் தனியாக விடாமல் உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அதற்காகவாவது அவன் ஊரிலேயே உள்ள ஒருவரிடம் இன்றைக்கே பேசி வையுங்கள். எல்லாவற்றையும் நீங்கள் ஒருவரே தாங்க முடியாது.

இன்று ராத்திரி கூப்பிட வேண்டாம். உங்கள் நாள் எப்படிப் போனது என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். கடைசியில், "பதில் போடணும்னு இல்லடா, நாளைக்கும் எழுதுறேன்" என்று சேர்த்துவிடுங்கள். நாளைக்கு மறக்காமல் எழுதுங்கள்.